சிம் போட முடியாத கமரா

வீடியோ கமரா வாங்கவேண்டும் என்று முதலில் சொன்னது நான். என் கணவர் சாந்தரூபன் இப்போது அதைத் தன்னுடைய யோசனை என்று இந்தப் பலெர்மோ நகரம் முழுக்கச் சொல்லித் திரிகிறார். நம்பிவிடாதீர்கள்.

போன வருடம் எங்கள் மகள் சாம்பவியின் நடன வகுப்பு விழாவை இவர் கைத்தொலைபேசியில் எடுத்தார். பிள்ளை மேடைக்கு வந்து, கும்பிட்டு, முதல் அடி வைக்கிற நேரம் பார்த்து போன் அடித்தது. கூட்டாளி டெனிஸ்டன். சியாகுல்லித் தோட்டத்தில் அடுத்த நாள் மந்தரீன் தோடம்பழம் பிடுங்க ஆள் வேண்டுமாம். இந்த மனுசன் "ஹலோ" என்றார், அத்தோடு வீடியோ நின்றது. பிறகு பதறிப்போய் எதையோ அழுத்தியதில் பதினொரு நிமிடம் அவருடைய காற்சட்டைப் பையின் இருட்டுப் பதிவாகியிருந்தது. அதை நான் முழுதாகப் பார்த்தேன், எங்காவது பிள்ளை தெரிவாள் என்று.

நான் ஏன் விழாவுக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். போலித்தியாமா பக்கம் சின்யோரா என்று நான் கூப்பிடும் எண்பத்தொன்பது வயது இத்தாலிய மனுசி ஒருவருடன் தங்கி நின்று அவரைப் பார்ப்பது என் வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் எனக்கு லீவு. விழா எப்போதும் சனிக்கிழமை. ஒருமுறை எனக்குப் பதிலாக மொனிகா என்றொரு பெட்டையை விட்டுப் பார்த்தோம். சின்யோரா இரவுச் சட்டையோடு மூன்று மாடி இறங்கி, போர்கோ வெக்கியோ மீன்கடை வரைக்கும் போய்விட்டார். மொனிகா பயத்தில் அழுதாள், சின்யோராவின் மகள் சாண்ட்ரா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அதன்பிறகு சனிக்கிழமை பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இந்த வருடம் சாம்பவிக்கு முதல் தனி ஆட்டம். பன்னிரண்டு நிமிடப் பதம். ஒளித்து விளையாடும் பிள்ளையைத் தாய் சாப்பிடக் கூப்பிட்டுத் தேடுவது. தாயும் அவள்தான், பிள்ளையும் அவள்தான். மண்டபம் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறை. அங்கே சிக்னல் கிடையாது, ஆகவே வீடியோ அழைப்பும் சரிவராது. அவள் ஆடுவதை நான் பார்ப்பதென்றால் யாராவது ஒழுங்காக எடுத்து வந்தால்தான் உண்டு. வீடியோக்காரரைப் பிடித்தால் பிள்ளையின் முகத்தை இதயத்துக்குள் போட்டு, ரோசாப்பூவைச் சுற்றவிட்டுத் தருவார்கள்.

சாம்பவி என்னைக் கேட்கவே இல்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "வாறீங்களோ" என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லி அழுது தீர்த்திருப்பேன். தலை பின்னும்போது, "இந்த முறையும் உங்களுக்கு வேலைதானே அம்மா" என்று சாதாரணமாகச் சொன்னாள். பதினொரு வயது.

"எனக்கு சிம் போடேலாத கமரா வேணும்," என்றேன் சாந்தரூபனிடம். "ஆரும் அதுக்கை கோல் எடுக்கக்கூடாது."

"இப்ப ஆரப்பா உந்தக் கமரா வாங்கினம்? எல்லாம் போனிலைதானே."

"போனிலை எடுத்த வடிவைத்தான் போன வருசம் பாத்தனே."

அவர் தன் போனை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார்.

அல்பெர்கேரியாவில் எங்களுக்கு மேல்மாடியில் மூர்கென் இருக்கிறார். மொரீசியஸ்காரர். அவருக்குத் தமிழ் தேவாரத்தில் மட்டும்தான் வரும், மற்றப்படி எங்களுக்குள் இத்தாலியன்தான். வருடாவருடம் தங்கள் காவடியை அவர்தான் வீடியோ எடுப்பார். அவரைப் படியில் மறித்துப் பிடித்தேன். அவர் மனைவி ஜெரால்டின் சாப்பாடு ஆறுகிறது என்று இரண்டுமுறை கூப்பிட்டும் நான் விடவில்லை. அன்று அவர் சொன்னதில் ஒன்றை மந்திரம்போலப் பாடமாக்கினேன். பெட்டியில் இருநூறு மடங்கு, முந்நூறு மடங்கு கிட்ட இழுக்கும் என்று போட்டிருக்கும், அதைத் திரும்பியும் பாராதே. உள்ளேயிருக்கும் கண்ணாடி நகர்ந்து இழுப்பது எத்தனை மடங்கு என்று மட்டும் கேள். மற்றது வெறுமனே படத்தை வெட்டிப் பெருப்பிப்பது, முகம் கஞ்சியாகிப் போகும்.

வியாழன் பின்னேரம் மூவருமாக ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மின்சாமான் கடைக்குப் போனோம். அங்கே நின்ற பெடியன் நெஞ்சில் அந்த்ரேயா என்று பெயர் குத்தியிருந்தான். வந்ததும் வராததுமாகத் தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்து வைத்தான். தண்ணீருக்கு அடியிலும் எடுக்கலாமாம். என் பிள்ளை மேடையில் ஆடுகிறவள், கடலுக்குள் இல்லை என்றேன். அடுத்ததில் பற்றரி உள்ளேயே ஒட்டியிருந்தது, விழா நடுவில் முடிந்தால் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். மூன்றாவதில் தனி மைக் குத்த இடமில்லை. நான் கேட்கக் கேட்க அந்த்ரேயாவுக்கு வியர்த்தது. சாந்தரூபன் என்னைத் தெரியாத ஆள்மாதிரிக் குளிர்ப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் மூன்று கமராக்கள் மிஞ்சின. கடை வெளிச்சத்தில் மூன்றும் ஒன்றுபோலவே பளிச்சென்று காட்டின. எனக்குப் பொறி தட்டியது. மண்டபம் இருட்டல்லவா.

"லைற்றை அணையும் தம்பி," என்றேன்.

அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். சாம்பவி பல்லாரோச் சந்தை இத்தாலியனில், கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். முதலாளி வந்தார். அவருக்கும் ஒருமுறை விளக்கினாள். மனுசன் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்து விளக்குகளை அணைத்தார். சாந்தரூபனைச் சலவை இயந்திரங்களுக்கு நடுவில் நிற்க வைத்தேன்.

"கையை ஆட்டுங்கோ."

"எப்படியப்பா?"

"பிள்ளை ஆடுறமாதிரி."

ஆறடி மனுசன், நாளெல்லாம் மரத்தில் ஏறி இறங்குகிறவர், அந்த இருட்டில் விரலை மடித்துப் பூப்போலப் பிடித்தார். முதல் கமராவில் அவர்மேல் புள்ளிபுள்ளியாக எறும்பு ஊர்ந்தது. இரண்டாவதில் கை அசையும்போதெல்லாம் முகம் கலங்கியது. மூன்றாவதில் மூக்குத் தெரிந்தது, மீசை தெரிந்தது, வெட்கப்படுவதும் தெரிந்தது. மூன்றாவதை எடுத்தோம்.

கமரா முடிந்ததும் அவருக்கு விசர் பிடித்தது. மேலே கொழுவும் லைற் வேண்டுமாம், நிறக் கண்ணாடிகள் வேண்டுமாம், பதினொரு பை வைத்த பை ஒன்று வேண்டுமாம். "லைற்றைக் கொண்டுபோய் ஆடுற பிள்ளையின்ரை கண்ணுக்கை அடிக்கப் போறியளோ?" என்று எல்லாவற்றையும் திருப்பி வைக்கச் சொன்னேன். மேலதிக பற்றரி ஒன்று, கார்ட் இரண்டு, ரீவியில் கொழுவ வயர் ஒன்று, ரோமத் தொப்பி போட்ட சின்ன மைக் ஒன்று, இவ்வளவும்தான் வாங்கினோம். கமராவிலேயே இருக்கும் மைக் எடுக்கிறவர் மூச்சு விடுவதைத்தான் நன்றாகக் கேட்குமாம், இதுவும் மூர்கென் சொன்னது.

கமராவைப் பூட்டும் முக்காலியில்தான் சண்டை. அவர் எடுத்தது திருப்பினால் வெட்டி வெட்டித் திரும்பியது. நான் எடுத்ததற்குத் தலைக்குள் எண்ணெய் விட்டிருக்கிறார்கள், நீளமாக ஒரு கைப்பிடி. பாரம்தான். ஆனால் ஒரு விரலால் தள்ள, வழுக்கிக்கொண்டு போனது. அவர் இடமும் வலமுமாக நாலுதரம் திருப்பிப் பார்த்தார். "என்ன வடிவாத் திரும்புது, பாருமப்பா," என்றார். நான் பெருமையோடு அந்தக் கைப்பிடியைத் தடவினேன். அது எனக்கு வில்லங்கமாக முடியும் என்று அப்போது யார் கண்டது.

அடுத்த இரண்டு ஞாயிறும் வீட்டில் ஒத்திகை. சாம்பவி நடைவழியில் ஆட, இவர் குசினி வாசலில் முக்காலியை விரித்து நிற்பார். படத்தில் கால் வெட்டுப்படக்கூடாது. கிட்டக் கிட்ட இழுக்கக்கூடாது. சிவப்புப் பொத்தானை ஒருதரம் மட்டும் அழுத்தவேண்டும், அழுத்திவிட்டுச் சிவப்புப் புள்ளி தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். பாட்டு முடிந்த பிறகும் பத்து எண்ணிவிட்டுத்தான் நிற்பாட்டவேண்டும். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். உண்மையைச் சொன்னால், நல்லாகத்தான் எடுத்தார். முறிந்துவிடாமல் காம்போடு மந்தரீன் நறுக்கும் கை அவருடையது, நடுக்கம் என்பதே இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் ஆறரைக்குச் சின்யோராவுக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தேன். ஏன் அழுகிறாய் என்று கேட்டார். வெங்காயம் என்றேன். சூப்பில் வெங்காயம் இல்லை என்றார் அவர். சொந்த மகளின் பெயரே சிலநாள் வராத மனுசிக்கு அது மட்டும் தெரிந்தது. பிறகு என் கையிலிருந்த கரண்டியை வாங்கித் தானே குடித்தார்.

ஞாயிறு காலை ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். இருவரும் எனக்காக ரீவியில் வயரைக் கொழுவிவிட்டுக் காத்திருந்தார்கள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ரீவிக்கு முன்னால் இருந்தேன்.

பிள்ளை வந்தாள். கால் தெரிந்தது, சதங்கை தெரிந்தது, நெற்றிச்சுட்டி கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருந்தது. பாட்டும் தாளமும் பக்கத்தில் நடப்பதுபோலக் கேட்டன. தாயாக வந்து, சோறு பிசைந்து, வாசலில் நின்று கூப்பிட்டாள். எனக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்க மனமில்லை. நாலரை நிமிடம் அப்படியே போனது. பிள்ளை ஒளிக்கிறாள். தாய் தேடத் தொடங்குகிறாள். அந்த நேரம் படம் மெதுவாக, வழுக்கிக்கொண்டு, இடப்பக்கம் போனது.

"எங்கை போறியள்?" என்று எழும்பிவிட்டேன், ஏதோ அவர் இனித் திருப்பிவிடுவார்போல.

முன்வரிசையில் அருளம்மாக்கா. நாலு செக்கன். பக்கத்தில் குலேந்திரன் அண்ணை. நாலு செக்கன். பிறகு சதீஸ், அவன் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, சதங்கை கேட்கிறது, என் பிள்ளையைக் காணவில்லை.

"என்ன மனுசன் நீங்கள்? பிள்ளை ஆடுது, நீங்கள் சனத்தை எடுக்கிறியள்."

"வந்த ஆக்களை எடுக்காமல் விடலாமோ? அருளம்மாக்கா சேலை மாத்தி, நகை போட்டு வந்திருக்கிறா. தன்னை எடுக்கேல்லை எண்டு நாளைக்கு என்ன நினைப்பா?"

எங்கள் சனத்தில் எந்த வீட்டு வீடியோ என்றாலும் வந்தவர் முகம் ஒவ்வொன்றும் அதில் இருக்கவேண்டும். இருக்காவிட்டால் பேச்சுவார்த்தை நின்றுவிடும். சிநேகிதி வேணுகாவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோவில் என் தோள்மூட்டு மட்டும் விழுந்ததற்கு நானே எட்டு மாதம் அவளோடு கதைக்காமல் இருந்தவள். கால் வெட்டாதீர்கள் என்று சொன்ன வாய் இதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவுமில்லை.

ஆனாலும் கொதி அடங்கவில்லை. "எனக்கு அருளம்மாக்காவைப் பாக்கவோ ஆசை? கிழமைக்குக் கிழமை சந்தையிலை பாக்கிறன்." சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தேன். யாரைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்லும் அருளம்மாக்கா பிறகு ஒருமுறை ஓரத்தில் தெரிந்தார். வாயைத் திறந்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் வரிசையின் கடைசிக்கு வந்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரை, யாரும் இல்லை. யாரும் இருந்துவிடாமல் என் நீலச் சால்வையை அதில் விரித்து வைத்திருந்தது. மற்றவர்களிடம் நாலு செக்கன் நின்ற கமரா அதில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"பாதரும் அதிலை இருக்க வந்தவர்," என்றாள் சாம்பவி. "அப்பா விடேல்லை. ஒக்குப்பாத்தோ, ஆள் இருக்கு எண்டிட்டார்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வயரைச் சரிசெய்தார்.

"வெறுங் கதிரையை ஏனப்பா எடுத்தனீங்கள்?"

"எல்லாரையும் எடுத்தனான். உம்மை மட்டும் விடுறதோ?"

இந்த மனுசனில் எனக்கு எவ்வளவு ஆசை என்று இருபது வருடமாக நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை. பக்கத்தில் மடித்துக் கிடந்த அதே சால்வையை எடுத்து மூக்கைச் சீறிக்கொண்டேன். திரையில் படம் மறுபடி மேடைக்குத் திரும்பியபோது, தாய் பிள்ளையைக் கண்டுபிடித்து அணைத்துவிட்டிருந்தாள். தேடியது முழுக்கப் போய்விட்டது.

"அஸ்பெத்தா, பொறுங்கோ அம்மா," என்று சாம்பவி எழும்பினாள். கமராவை வாங்கி, படம் இடப்பக்கம் வழுக்கிய இடம்வரை பின்னுக்கு ஓட்டினாள். "சத்தம் முழுக்க இருக்குத்தானே. விடுபட்டதை நான் இப்ப ஆடுறன்."

பாட்டுத் தொடங்கியது. திரையில் அருளம்மாக்கா, குலேந்திரன் அண்ணை, எல்லாரும் எங்களைப் பார்த்தபடி இருக்க, அவர்களுக்கு முன்னால், எங்கள் சின்ன அறையில், வீட்டுச் சட்டையோடு பிள்ளை தேடத் தொடங்கினாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள், மேசைக்கு அடியில் பார்த்தாள். சாந்தரூபன் அவசரமாக முக்காலியை விரித்தார்.

"வையுங்கோ அதை," என்றேன்.

"நீர்தானே முழுசா வேணும் எண்டனீர்."

"நேற்று கமராவின்ரை அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளாலைதானே பாத்தனீங்கள். நீங்களும் பாக்கேல்லை. வந்து இஞ்சை இருங்கோ."

அவர் வந்து பக்கத்தில் இருந்தார்.