கேற்றடியில் நின்ற ஸ்கூட்டர்

மின்சார ஸ்கூட்டர் வருவது காதுக்குத் தெரிவதில்லை. பல்கலைக்கழகக் கம்பஸ் வாசலில் காவல் பொறுப்பாளராக நிற்கும் மஜீடுக்கு மற்ற வாகனங்களையெல்லாம் முகம் திருப்பாமலே தெரியும். பீடாதிபதியின் காருக்கு ஒரு இருமல் உண்டு. கென்ரீனுக்கு மீன் கொண்டுவரும் லொறி வளைவிலேயே அலறத் தொடங்கும். இந்த ஸ்கூட்டர்கள் மட்டும் நிழலைப்போல வந்து பக்கத்தில் நின்றுவிடும். அன்று காலையும் அப்படித்தான். காதில் வயரைச் செருகியபடி வந்த ஒரு மாணவனை நிறுத்தி விசாரித்துவிட்டுத் திரும்பினால், நீல நிற ஸ்கூட்டர் ஒன்று நிற்கிறது. அதன் மேல் அவருடைய மனைவி சுஹறா. தலையில் சாம்பல் நிறச் சோல் மட்டும்தான் இருந்தது. ஹெல்மட் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

புதுச் சட்டங்கள் அன்றுதான் தொடங்கியிருந்தன. மின்சார ஸ்கூட்டரோ சைக்கிளோ, ஹெல்மட் இல்லாமல் உள்ளே வரக்கூடாது. நடப்பவர்களின் பாதையில் ஓட்டக்கூடாது. இரண்டு பேர் ஏறக்கூடாது. சத்தம் இல்லாத வண்டி என்பதால் வளைவுகளில் கட்டாயம் ஹோர்ன் அடிக்க வேண்டும். ஹொஸ்டல் அறைக்குள் பற்றரியைக் கொண்டுபோய்ச் சார்ஜ் போடக்கூடாது. எல்லாவற்றையும் ஒரு பலகையில் எழுதி வாசலில் நட்டிருந்தார்கள். அதை நட்டபோது ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றவரே மஜீட்தான்.

"ஹெல்மட் போடல்லையா?" என்று கேட்டார்.

"போட்டா சோல் ஊசி உச்சந்தலையில குத்துது" என்றாள் சுஹறா மெல்லிய குரலில். "இஞ்ச இரிக்கிற லைப்ரரிக்குத்தானே. மெல்லமாப் போறன்."

அவள் நூலகத்தில் உதவியாளர். வாசலிலிருந்து நூலகம் வரைக்கும் நேரான றோட்டுத்தான். அவளுக்குப் பின்னால் மாணவர்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். இவர்கள் புருஷன் பெண்சாதி என்பது தெரியாதவர்கள் அங்கே யாருமில்லை. மஜீடோடு வேலை செய்யும் குணம், மழை வருமா என்று பார்ப்பவனைப்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போட்டுட்டுப் போங்க. இல்லாட்டி வண்டிய இதுல வெச்சிட்டு நடந்து போங்க" என்றார் மஜீட்.

வீட்டில் 'நீ' என்றும் 'புள்ள' என்றும் கதைக்கிற மனிதர். அந்தப் 'போங்க' வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறது என்பது அவருக்கே தெரிந்தது. சுஹறா ஸ்கூட்டரை மரத்தடியில் நிறுத்திப் பூட்டித் திறப்பை அவர் கையில் வைத்தாள். வெயிலில் நடந்து போனாள். ஒரு தடவை கூடத் திரும்பவில்லை.

அன்று பின்னேரம் குணம் ஸ்கூட்டரை ஓட்டி வந்து வீட்டில் விட்டுப் போனான். வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தேத்தண்ணி வந்தது. இராச்சோற்றுக்கு அவருக்குப் பிடித்த பாரை மீன் ஆணமும் வந்தது. கதை மட்டும் வரவில்லை. மஜீடுக்கு அந்த ஆணத்தில் ஒரு குறையும் கிடைக்கவில்லை. அவள் கோபித்துக்கொண்டு உப்பைக் கூட்டிப் போட்டிருந்தாலாவது ஒரு வார்த்தை சொல்லச் சாட்டுக் கிடைத்திருக்கும்.

நாடெங்கும் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகுதான் சுஹறா அந்த ஸ்கூட்டரை வாங்கினாள். அதுவரைக்கும் எங்கே போவதென்றாலும் மஜீடின் பைக்கில் பின்னால் இருந்துதான் போவாள். அவருக்கு வேலை முடியச் சுணங்கினால் சந்தியில் நிற்பாள். மருதமுனையில் இருக்கும் உம்மாவைப் பார்க்க நினைத்தாலும் அவருக்கு லீவு கிடைக்கும் நாளைப் பார்த்துத்தான் நினைப்பாள். ஸ்கூட்டர் வந்த பிறகு அதெல்லாம் மாறிப் போனது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நினைத்தவுடன் மருதமுனைக்குப் போய்விட்டு பொழுதுபட மஃரிபுக்குள் வந்துவிடுவாள். வரும்போது அவள் முகத்தில் கடற்காற்றும், ஏதோ களவாகத் தின்றுவிட்டு வந்த சிறுபிள்ளையின் சந்தோஷமும் இருக்கும். வண்டியைத் துடைத்துக்கொண்டு தனக்குள் எதையாவது முணுமுணுப்பாள். மஜீட் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். கலியாணம் முடித்து இவ்வளவு காலத்தில் தான் கொடுக்காத ஒன்றை அந்த நீல வண்டி அவளுக்குக் கொடுக்கிறது என்று தோன்றும். பொறாமை இல்லை. பார்க்கப் பிடித்திருந்தது.

அதனால்தான் மதுஷன் என்ற மாணவனைப் பற்றி அவர் அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை. போன மாதம் அந்த மாணவன் மின்சார சைக்கிளில் வரும்போது, குறுக்கே பாய்ந்த ஒரு கன்றுக்குட்டிக்கு விலத்தப் போய் விழுந்தான். வேகம் ஒன்றும் பெரிதில்லை. ஹெல்மட் மட்டும் இல்லை. முதலில் ஓடிப் போனவர் மஜீட்தான். "ஒரு பொடியன் விழுந்திட்டான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரிக்கி" என்று வீட்டில் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தைச் சொன்னால் அவள் அந்த ஸ்கூட்டரை இனித் தொடமாட்டாள் என்று பயந்தார்.

அடுத்த நாள் சுஹறா பஸ்ஸில் வேலைக்குப் போனாள். அதற்கடுத்த நாளும் பஸ்தான். மூன்றாம் நாள் மஜீட் வேலை முடிந்து வீட்டுக்கு வராமல், தன் ஊரான சாய்ந்தமருதைத் தாண்டி நேரே கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனார். அவருடைய பையில் சுஹறாவின் பழைய சோல் ஒன்று மடித்து இருந்தது. ஹெல்மட் கடை கேதீஸ்வரன் பாண்டிருப்பு ஆள், நல்ல பழக்கம். மஜீடை 'நானா' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"ஆருக்கு, நானா?"

"வீட்டுக்கு. சோலுக்கு மேல போடணும் தம்பி. ஊசி குத்தக்கூடாது, வழுக்கவும் கூடாது."

"அவங்களக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா போட்டுப் பாத்திருக்கலாமே."

"அவ இப்ப என்னோட கதைக்கிறல்ல."

கேதீஸ்வரன் கண்ணாடியை எடுத்து எதிரே வைத்தான். மஜீட் காவல் உடுப்போடு கடை நடுவே நின்று சோலை எடுத்துத் தலையில் சுற்றினார். தாடி நரைத்த முகத்துக்கு மேலே பூப்போட்ட சோல். முதல் ஹெல்மட் இறுகியது. இரண்டாவது, தலையைக் குனிந்தவுடன் மூக்குக்கு வந்தது. உச்சியில் ஊசியைக் குத்தி இன்னொன்றைப் போட்டார். உண்மையாகவே குத்தியது. "யா அல்லாஹ்" என்று கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் வேறொன்றும் புரிந்தது. ஹெல்மட்டை ஒழுங்காகப் போடவேண்டுமென்றால் சோலைக் கழற்றித் திரும்பக் கட்ட வேண்டும். அத்தனை பொடியன்கள் பார்த்துக்கொண்டிருக்க, றோட்டில் வைத்து அவள் எப்படிக் கட்டுவாள்?

கடைக்கு வந்த இரண்டு பேர் வாசலிலேயே நின்று பார்த்தார்கள். மஜீட் அவர்களைக் கவனிக்கவில்லை. கடைசியில் உள்ளே ஒரு பருத்தித் தொப்பி போட்டு, ஊசியைக் காதுக்குக் கீழே மாற்றிக் குத்தி, ஒரு சைஸ் பெரிய ஹெல்மட்டை வைத்தபோது அது அசையாமல் இருந்தது. கேதீஸ்வரன் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்க்கச் சொன்னான். மஜீட் ஆட்டினார்.

வீட்டில் சுஹறா ஹெல்மட்டைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த பருத்தித் தொப்பியையும் தன்னுடைய பழைய சோலையும் பார்த்தாள்.

"அளவு பாத்தது ஆரு?"

"நான்தான்."

"இந்தச் சோலக் கட்டிக்கொண்டா?"

"ஓம்."

"கடையிலயா?"

"மறுகா எங்க? றோட்டுலயா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்குவதைக் கண்டு மஜீட் பதறிப்போனார். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க மறிச்சது எனக்குப் பெரிசில்ல. 'போங்க' எண்டு சொன்னீங்களே, ஆரோ வெளியாளுக்குச் சொல்ற மாதிரி. அதுதான் நெஞ்சுல நிண்டுட்டு. அப்பிடி என்ன ஆக்கினை உங்களுக்கு?"

அப்போது மஜீட் மதுஷனைப் பற்றி முழுதாகச் சொன்னார். அந்தப் பொடியனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்ததை. 'அங்கிள், நான் எங்க போய்க்கொண்டிருந்தன்?' என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டதை. பதில் சொன்னாலும் மறந்துவிட்டு மீண்டும் அதையே கேட்டதை. இப்போது சுகமாகி வருகிறான், ஆனால் கூடப்படிக்கிற ஒன்றிரண்டு பேரின் பெயர்கள் இன்னும் ஞாபகத்துக்கு வரவில்லையாம் என்பதை.

"நீ வரிசையில ஹெல்மட் இல்லாம வந்து நிண்டாய். எனக்கு அந்தக் கேள்விதான் காதுல கேட்டிச்சு" என்றார்.

சுஹறா ஹெல்மட்டை மடியில் வைத்து அதன் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பிக் குசினிக்குப் போனாள். மஜீட் அந்த இடத்திலேயே இருந்தார். சொல்லியிருக்கக்கூடாது என்று நினைத்தார். இனி அந்த வண்டி கூரைக்குக் கீழே தூசி பிடித்துக் கிடக்கப் போகிறது, அவள் பழையபடி சந்தியில் நிற்கப் போகிறாள். குசினிக்குள் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

விடிந்ததும் அவர் வெளியே வந்தபோது சுஹறா ஏற்கெனவே தயாராக இருந்தாள். சோல் கழுத்தோடு ஒட்டக் கட்டியிருந்தது. ஹெல்மட் தலையில் இருந்தது. ஸ்கூட்டரை முற்றத்தில் இறக்கித் திருப்பி வைத்திருந்தாள்.

"என்ன பாக்கிறீங்க? சுணங்குது" என்றாள்.

அவள் முன்னே போனாள். மஜீட் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். காரைதீவுச் சந்தியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல் விரிந்தது. முந்திப் போக அவருக்கு இரண்டு மூன்று தடவை வழி கிடைத்தது. அவர் முந்தவில்லை. இத்தனை வருடமும் இந்த றோட்டில் அவள்தான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். அவர் அவளுடைய முதுகைப் பார்த்ததில்லை. அது நேராக இருந்தது. காற்றில் சோலின் நுனி மட்டும் ஹெல்மட்டுக்குக் கீழே படபடத்தது. முன்னால் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று மெல்லப் போய்க்கொண்டிருந்தது. சுஹறா கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாள். சிக்னல் போட்டாள். சிறு ஹோர்ன் ஒன்று அடித்துவிட்டு, அவசரமில்லாமல் சாய்ந்து அதைக் கடந்து போனாள். மஜீட் அந்த இயந்திரத்துக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டார். மூட்டைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தால், வெயில் ஏறிய றோட்டில் ஒரு வெள்ளை ஹெல்மட் சத்தமில்லாமல் சிறுத்துக்கொண்டு போனது.