மிலியின் கழுத்தில் ஒரு கயிறு

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இலக்கிய தாகத்தில் பிறந்ததல்ல. நெடுங்கேணியில் ஒரு பொதுமண்டபத்தில் கார்ட்டூன் படம் காட்டுகிறார்கள், வருகிறவர்களுக்கு றோல்ஸும் சோடாவும் உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். றோல்ஸ் ஆறிப்போயிருந்தது. உள்ளே கிழங்கு மட்டும். இவ்வளவு தூரம் பஸ்ஸில் இடிபட்டு வந்ததற்கு ஒரு கதையாவது கொண்டுபோவோம் என்று கதிரையில் இருந்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று தரம் எழுதினேன்.

"வன்னியின் செம்மண் புழுதி வானத்தை நோக்கி—" சீச்சீ. இப்படித் தொடங்கிய எதையும் நானே இரண்டாம் பக்கம் தாண்டி வாசித்ததில்லை.

"ஒரு ஊரில் ஒரு பசு—" பசு பிறகு வரும். அவசரப்படவேண்டாம்.

"தேனுகாவுக்கு 'வீடு' என்ற சொல்லுக்கு எதுகை கிடைக்கவில்லை." சரி, இது பரவாயில்லை. இதிலிருந்தே போவோம்.

2.

தேனுகாவுக்கு 'வீடு' என்ற சொல்லுக்கு எதுகை கிடைக்கவில்லை. காடு, மாடு, ஓடு என்று கைக்கெட்டிய தூரத்தில் எல்லாம் கிடந்தன. ஆனால் தயாரிப்பாளர் நிருஷன், மாட்டை வைத்து எடுக்கும் படத்தில் 'மாடு' என்ற சொல் வரக்கூடாது என்று சொல்லியிருந்தான்.

"அது கொஞ்சம் கிராமத்துச் சொல்லு, தேனுகா. மிலி எண்டு பாடுங்கோ. உலகம் முழுக்க விளங்கும்."

நிருஷன் ரொறன்ரோவிலிருந்து வந்தவன். கிளிநொச்சியில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை ஒன்றின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, நான்கு கணினி வைத்து, கண்ணாடிக் கதவில் 'ஸ்ரூடியோ' என்று ஒட்டியிருந்தான். தேனுகா பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவள். பின்னேரங்களில் இங்கே வந்து பாட்டும் வசனமும் எழுதினாள்.

படம், நாங்கள் எல்லோரும் சோதனைக்காகப் பாடமாக்கிய அந்தப் பழைய நாவல்தான்.* வெள்ளம் வருகிறது. ஒரு குடும்பம் வீட்டை விட்டுப் போகிறது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, ஒரு நரியோடும் கொக்கோடும் காடு மேடெல்லாம் திரிகிறது. கடைசியில் ஒரு குளக்கட்டில் நிற்கிறது. அதன்பிறகு அதை ஒருவரும் காணவில்லை. அவ்வளவுதான் நாவல். அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான் தேனுகா இந்த வேலைக்கே ஓமென்று சொன்னாள்.

நிருஷன் அந்தப் பக்கத்தை முதல் நாளே கழற்றிவிட்டான். மிலி திரும்பி வரும். குடும்பம் கட்டிப்பிடிக்கும். எல்லா மிருகங்களும் ஆடும். பாட்டின் பல்லவி 'வீடு என்பது ஓர் உணர்வு'. நரி நல்ல நரியாகிவிட்டது. நாவலில் வரும் முதலை ஏதோ ஒரு சமூகத்தின் மனதைப் புண்படுத்தலாம் என்று ஆலோசகர் ஒருவர் எழுதியிருந்தார். எந்தச் சமூகம் என்று எழுதவில்லை. முதலையை வெட்டிவிட்டார்கள்.

* பெயர் சொல்லமாட்டேன். நான் கண்டுபிடித்த நாவலுக்கு நானே உரிமைப் பணம் கட்டவேண்டி வந்தால் என்ன செய்வது?

3.

(தேனுகாவை நம்புகிறீர்களா? எனக்குச் சந்தேகம்தான். அவ்வளவு பிடிப்புள்ளவள் ஏன் முதல் நாளே எழும்பிப் போகவில்லை? கேட்டேன். "படம் வெளியில வரட்டும், பிறகு சண்டை பிடிக்கலாம் எண்டு நினைச்சனான்" என்றாள். இந்த நாட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். அதனால் நம்புகிறேன்.)

4.

மாட்டைப் படமாகக் கீறியவர் மூக்கன். சொந்தப் பெயர் வேறு. முன்பு கடைப் பெயர்ப்பலகை எழுதினவர், இப்போது கணினியில் கீறுகிறார். நிருஷன் முதலில் தந்த மாதிரிப் படத்தில் இருந்த மாடு வெள்ளையும் கறுப்புமாக, மடி பெருத்து, குளிர்நாட்டில் நின்றது.

"இது எங்கட மாடில்லை, தம்பி. பாலுக்குப் பதிலா ஐஸ்கிரீம் தரும் போல கிடக்கு," என்றார் மூக்கன்.

நிருஷன் தன் போனைத் தடவி ஒரு பழைய படத்தை எடுத்துக் கொடுத்தான். சண்டை முடிந்து பாதை திறந்த அடுத்த வருடம் முதன்முதலாக ஊர் பார்க்க வந்தபோது, பளைக்குக் கிட்ட அவன் வந்த வான் வண்டியை மறித்துக்கொண்டு நின்ற, ஆளில்லாமல் திரிந்த கட்டாக்காலி மாடுகளைப் பிடித்த படம். முன்னால் ஒரு சிவப்புப் பசு. மூக்கன் அதைப் பார்த்து அப்படியே கீறினார். கொம்பு, நெற்றிச் சுழி, தொடையில் சுட்ட குறி எல்லாம் அப்படியே. ஒரு வேல், அதன் கீழே ஒரு வளையம். பட்டிக்காரர் தங்கள் மாட்டை அடையாளம் காண இரும்பைக் காய்ச்சிச் சுடுகிற குறி. கழுத்தில் கயிறு இல்லை. மூக்கனும் கீறவில்லை.

ஒருவரும் கவனிக்கவில்லை. கண்ணிமை நீளமா கட்டையா என்றுதான் இரண்டு கிழமை வாக்குவாதப்பட்டார்கள்.

5.

இனி மண்டபம். நான் றோல்ஸோடு இருந்த இடம்.

படம் போட்டார்கள். அதிகாரிகள் முன்வரிசையில் நித்திரை. கொக்கு ராப் பாட்டுப் பாடியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு மிலி திரும்பி நின்றது. தொடை திரை முழுக்க வந்தது.

"நிப்பாட்டுங்கோ!"

நடுவில், எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு பெண் எழுந்து நின்றார். விமலேஸ்வரி. ஒலுமடுப் பக்கம் வயல் செய்கிறவர். பேத்தியைப் படம் காட்டக் கூட்டி வந்திருந்தார்.

"அது எங்கட சிவப்பி. எங்கட குறி. எங்கையடா பிடிச்சனியள் எங்கட மாட்டை?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. கார்ட்டூன் மாட்டுக்கு உரிமை கோரினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? பின்வரிசையில் ஒருவர், "பால் கறந்து பாருங்கோ அக்கா!" என்று கத்தினார். அதற்குள் இன்னொருவர் எழும்பி, வேலும் வளையமும் தங்கள் பெரியப்பாவின் குறி, மாடு தங்களுக்குத்தான் சேரவேண்டும் என்றார். திரையில் மிலி வாயைத் திறந்தபடி உறைந்து நிற்க, அதன் பின்னங்காலடியில் ஒரு சொத்துத் தகராறு தொடங்கிவிட்டது. நிருஷன் ஒலிவாங்கியைப் பிடித்து, "எல்லாம் கற்பனை, எல்லாம் கற்பனை" என்று கெஞ்சினான்.

தேனுகாதான் விமலேஸ்வரியைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள்; றோல்ஸோடு நானும் பின்னால் போனேன். விறாந்தையில் நின்று, நிருஷன் அவளுக்கும் அனுப்பியிருந்த அந்தப் பழைய படத்தைத் தன் போனில் காட்டினாள்.

விமலேஸ்வரி நெடுநேரம் பார்த்தார். குறியை இப்போது பார்க்கவில்லை.

"பிள்ளை, கழுத்தைப் பெருப்பிச்சுக் காட்டு."

தேனுகா விரலால் பெருப்பித்தாள்.

"கயிறு இல்லை என்ன?"

"இல்லை அக்கா."

"அப்ப அவர் வீட்டை போய்ச் சேர்ந்திருக்கிறார்."

6.

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் மழையைக் கொண்டுவருவார். அன்றைக்கு நல்ல வெயில். நான் விமலேஸ்வரி சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

ஊரை விட்டு வெளிக்கிடும்போது மாட்டை அவிழ்த்துவிட்டுத்தான் போவார்கள். சும்மா அவிழ்ப்பதல்ல. கழுத்துக் கயிற்றையே கழற்றிவிடவேண்டும். கயிற்றோடு விட்டால் முள்ளுப் பற்றையில் சிக்கிச் செத்துப்போகும். அன்றைக்கு ஷெல்லடிக்குள் ஓடியதில் மறந்துபோனார்கள். பாதி வழியில்தான் நினைவு வந்தது. அவருடைய கணவர் யோகலிங்கம், "நீ பிள்ளையளோட நட. நான் மாட்டை அவிட்டுவிட்டிட்டு ஓடி வாறன்" என்று திரும்பிப் போனார்.

வரவில்லை.

"போற வழியிலயோ, வாற வழியிலயோ எண்டுதான் பிள்ளை எனக்குத் தெரியாமல் கிடந்தது. நான்தான் மாடு மாடெண்டு அழுதனான். மாட்டையும் காணாமல் வழியிலயே போயிட்டாரோ எண்டு நினைச்சால் சோறு இறங்காது. இப்ப பார். கழட்டித்தான் விட்டிருக்கிறார். போன காரியத்தை முடிச்சிருக்கிறார் மனுசன்."

அவர் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேத்திக்கு இன்னொரு றோல்ஸ் கிடைக்குமா என்று கேட்டார். நான் என்னுடையதைக் கொடுத்தேன்.

(எனக்கும் தெரியும், அவசரப்படாதீர்கள். மாடு தானே அறுத்த கயிறும் மழையில் இற்று ஒரு வருடத்தில் விழுந்துவிடும். வேறு யாராவது கழற்றியிருக்கலாம். தேனுகாவுக்கும் அது தெரியும். விறாந்தையில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம்.)

7.

அடுத்த நாள் ஸ்ரூடியோவில் நிருஷன் திருத்தங்களை வாசித்தான். குறியை அழிக்கவேண்டும், வழக்கு வரும். பிறகு இது:

"பெரிய பிழை ஒண்டு, ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை. ரெண்டாவது பாட்டில மிலி கயிறை அறுக்குது. அடுத்த காட்சியில கழுத்தில கயிறே இல்லை! அறுந்த கயிறு தொங்கவேணும். முடிவு வரைக்கும். ஓடேக்க காத்தில பறக்கும், ஸ்லோமோஷன்ல. திரைப்பட விழாவுக்கு வெள்ளிக்கிழமை அனுப்பவேணும்."

"நிருஷன் அண்ணா, மிலி திரும்பி வரட்டும். ஆடட்டும். 'வீடு என்பது ஓர் உணர்வு' எண்டு ஆயிரம் தரம் பாடட்டும், எழுதித் தாறன். கயிறை மட்டும் விடுங்கோ."

"கதையில அது தானே அறுத்துக்கொண்டு ஓடுது? நாவலிலயும் அப்பிடித்தானே? நீங்கள்தானே நாவலை மாத்தாதையுங்கோ எண்டு சண்டை பிடிச்சனியள்?"

அவன் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் தேனுகாவுக்கு ஆத்திரம்.

8.

முடிவுகள்.

(அ) தேனுகா வேலையை விட்டுப் போகிறாள். பார்க்க வீரமாக இருக்கும். கயிற்றை வேறு யாராவது கீறுவார்கள்.

(ஆ) நிருஷன் மனம் உருகுகிறான். எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் கொக்கு வந்து பாடத் தொடங்கியது. கிழித்தேன்.

(இ) ஒரு மனிதன் வந்து மாட்டின் கழுத்தைத் தடவிக் கயிற்றைக் கழற்றுகிற காட்சியை தேனுகா புதிதாக எழுதுகிறாள், இரண்டாம் பாட்டை எடுத்து எறிந்துவிட்டு. அந்தக் காட்சி அவளிடம் இருக்கிறது. இரண்டே வரி வசனம். அதைக் கீற ஒரு மாதம் வேண்டும் என்கிறார் மூக்கன். வெள்ளிக்கிழமைக்கு ஒரு மாதம் இல்லை.

இப்போது நிருஷன் தொலைபேசியோடு வெளியே போயிருக்கிறான். மூக்கன் பேனையைத் திரையில் மிலியின் கழுத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, தேனுகாவைத் திரும்பிப் பார்க்கிறார்.

"ரீச்சர், கீறவோ விடவோ?"

தேனுகா என்னைப் பார்க்கிறாள். எழுதுகிறவன் நான்தானே. என்னால் முடியவில்லை, விமலேஸ்வரி என்னுடைய கதிரைக்குப் பக்கத்தில் இருந்தவர். படம் திருத்தியபிறகு இன்னொரு தரம் காட்டுவார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், மனுசன் சிவப்பியை அவிழ்த்துவிட்டதை அவர்களும் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பேனை இந்தாருங்கள், வாசிக்கிறவரே. ஒரு கோடுதான். கீறுவதென்றால், அன்றைக்கு வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் நீங்கள் இருங்கள்.