கேமராவுக்குத் தெரிந்த முகம்

"கல்யாணம் யாருக்குய்யா நடந்துச்சு? என் பொண்ணுக்கா, எதிர்த்த மாடித் தையல்காரம்மாவுக்கா?"

பொண்ணின் அப்பா போட்ட சத்தத்தில் ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. பக்கத்து வீட்டிலிருந்த எனக்கு, பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒன்று அவசரமாகத் தேவைப்படுவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனேன்.

உள்ளே பெரிய திரையில் வரவேற்புப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பொண்ணும் மாப்பிள்ளையும் நீராவி நிறைந்த குளியலறையில் நிற்பதுபோல் மங்கிக் கிடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு நின்ற தையல்காரம்மா மட்டும் புருவ மயிரை எண்ணலாம் போலத் தெளிவாக இருந்தார். பொண்ணின் உடையைத் தைத்தவர் அவர்தான். மடிப்பைச் சரிசெய்ய அன்று முழுக்கக் கூடவே இருந்தவர். கேக் வெட்டுகிற படத்திலும் கேக்குக்கு அந்தப் பக்கம் அவர்தான் பளிச்சென்று இருந்தார்.

ஸ்டூடியோ அண்ணன் தம்பி இரண்டு பேருடையது. படம் பிடித்தது தம்பிக்காரர். தெருவில் அவருக்குச் சின்ன ஸ்டூடியோ என்று பெயர். அண்ணன்காரர், கல்யாணமே செய்துகொள்ளாதவர், பெரிய ஸ்டூடியோ. இருவருக்கும் ஒரு வருஷமாக ஒரே சண்டைதான். தம்பிக்கு, உள்ளே கண்ணாடி வைத்த பழைய கேமராக்களைத் தள்ளிவிட்டு, கண்ணாடி இல்லாத புதுசுக்கு மாற வேண்டும். அண்ணனுக்கு, பழசுக்கென்று அலமாரி நிறைய வாங்கி வைத்த லென்ஸ்களை விட மனசில்லை. "அதெல்லாம் கேமராவா? டி.வி. பொட்டிக்கு மூக்கு வச்ச மாதிரி" என்பார். கடைசியில் கேமராக் கடைக்காரர் ஒரு புதுசைச் சும்மா பழகிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு நாள் ஸ்டூடியோவில் கிடந்தது. மூன்றாம் நாள் தம்பி அதை எடுத்துக்கொண்டு இந்த வரவேற்புக்குப் போய்விட்டார். பின்னணி மங்கினால்தான் அழகு என்று லென்ஸை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, யார் தெளிவாக வேண்டும் என்பதை இயந்திரத்தின் பொறுப்பில் விட்டுவிட்டார். கேமராவின் குட்டித் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

"நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்ல," என்றார் பெரியவர். "புதுசு புதுசுன்னு குதிச்சியே."

வழக்கமாக இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெற்றிக் களை இருக்கும். அன்று இல்லை. அவர் தம்பியைப் பார்க்காமல் கேமரா ஸ்டாண்டின் காலைத் திருகிக்கொண்டே சொன்னார். எனக்கு அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது.

பொண்ணின் அத்தையும் அப்பாவோடு வந்திருந்தார். "மெஷினுக்கு என்னங்க தெரியும்? பிடிச்ச ஆளோட கண்ணு எங்க இருந்துச்சோ," என்று இழுத்தார்.

அவ்வளவுதான். ஆல்பம் செய்கிற கம்ப்யூட்டரின் முன்னால் இருந்த சின்னவர் மனைவி மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அந்த மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா உள்ளே வந்தார். "என் தலை ஏன் இங்க உருளுது? மாடி வரைக்கும் கேக்குது."

அவரே திரையைப் பார்த்தார். அடுத்த படத்தையும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

பெரியவர் ஸ்டாண்டின் இன்னொரு காலைத் திருக ஆரம்பித்தார்.

சின்னவர் மனைவி அழவில்லை. போனை எடுத்துக் கேமராக் கடைக்காரரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அது ஒண்ணுமில்லம்மா," என்றார் அவர் உற்சாகமாக. "இதுல வேண்டிய ஆளோட முகத்தைப் பதிஞ்சு வைக்கலாம். பதிஞ்ச முகம் கூட்டத்துல இருந்தா அதைத்தான் முதல்ல பிடிக்கும். மெனுவுல பாருங்க, யாரையாவது பதிஞ்சு வச்சிருப்பீங்க."

அவள் மெனுவைத் திறந்தாள். ஒரே ஒரு முகம் இருந்தது. தையல்காரம்மா, அவருடைய ஜன்னலில் மிஷின் மேல் குனிந்தபடி. மேலிருந்து கொஞ்சம் சாய்வாக எடுத்த படம். அந்த ஜன்னலை அந்தச் சாய்வில் பார்க்கிற இடம் தெருவில் ஒன்றுதான், ஸ்டூடியோவின் மேல் அறை. அங்கே படுக்கிறவர் பெரியவர். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்," என்றார் பெரியவர்.

"எதை மாமா?" என்றாள் சின்னவர் மனைவி.

"கேமராவைத்தான். முகத்தை ஞாபகம் வச்சுக்குமாமே... பொய்யின்னு காட்டலாம்னு..."

"முதல் போட்டோவைப் பாத்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

அவர் தலை அசைந்தது. ஆமாம் என்றுதான் அசைந்தது.

"பொண்ணோட அத்தை அப்படிப் பேசினப்பவும் சும்மாவா இருந்தீங்க?"

பெரியவர் ஸ்டாண்டைக் கீழே வைத்தார். தம்பி அவரைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணனுக்கும் சேர்த்துக் கூசியது போல.

இந்தத் தெருவில் பெரியவர் சட்டைப் பொத்தான் மாதிரி அடிக்கடி அறுந்து விழுகிற பொத்தானை நான் பார்த்ததில்லை. தைக்கக் கொடுக்க அவரேதான் மாடி ஏறிப் போவார். எனக்கு எப்போதோ தெரியும். தையல்காரம்மாவுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

"பொத்தான் தைக்க வரும்போது கதவைத் தட்டிட்டுத்தானே வந்தீங்க," என்றார் அவர். சத்தம் போடவில்லை. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானும் ஒரு பதில் சொல்லியிருப்பேன். இப்ப என்னத்தைச் சொல்ல?"

நாடாவைக் கழுத்திலிருந்து உருவிச் சுருட்டிக்கொண்டே போய்விட்டார். மறுநாள் அவர் ஜன்னலில் கனத்த திரை தொங்கியது. நல்ல துணி, இரட்டைத் தையல்.

பொண்ணையும் மாப்பிள்ளையையும் மறுபடி உடுத்தி வரச் சொல்லிச் சின்னவர் ஸ்டூடியோவிலேயே படம் பிடித்துக் கொடுத்தார். சிரிக்கச் சொன்னால் சிரித்தார்கள், அவ்வளவுதான். அத்தைதான் கூட வந்திருந்தார். சின்னவர் மனைவி அவருக்கு நாற்காலி போடவில்லை.

பழைய கேமரா நல்லதா, புதுசு நல்லதா என்ற சண்டை அன்றோடு நின்றுபோனது. "எல்லாத்தையும் வித்துடு," என்றார் பெரியவர், கேட்காமலேயே. அலமாரி காலியானது. கடைக்காரர் கொடுத்த அதே கேமராவை வாங்கினார்கள். ஜெயித்த தம்பி அதைத் தொடும்போதெல்லாம் எதையோ திருடியவர்போல் இருப்பார். பெரியவர் ஒரே ஒரு பழைய கேமராவோடு வேறு ஊருக்குப் போய், சித்தப்பா மகனின் கடையில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறார். அங்கே ஆட்கள் தாங்களாகவே வந்து உட்கார்ந்து, அவரை நேராகப் பார்க்கிறார்கள்.

தையல்காரம்மா, கடைகளுக்கு நூலும் பொத்தானும் வேனில் கொண்டுவந்து போடுகிறவரைக் கட்டிக்கொண்டார். படம் பிடிக்கப் போனது சின்னவர்தான். கிளம்புமுன் தையல்காரம்மாவின் முகத்தைப் பதிந்துவிடலாம் என்று அவர் மனைவி மெனுவைத் திறந்தாள். அந்த ஜன்னல் முகம் ஏற்கெனவே இருந்தது. அவள் அழித்திருப்பாள் என்று அவரும், அவர் அழித்திருப்பார் என்று அவளும் இருந்திருக்கிறார்கள்.

"இன்னிக்கு இருக்கட்டும்," என்றாள்.

ஒரு படம்கூடத் தப்பவில்லை. மாப்பிள்ளைதான் சிலவற்றில் லேசாக மங்கியிருந்தார். குறை சொல்லாத மனுஷன். மறுநாள் அவள் அந்த முகத்தை அழித்தாள். அதே வாரம் புதுத் தம்பதி வேனில் மிஷினை ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார்கள். ஜன்னல் திரையை மட்டும் கழற்றவில்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் பெரியவருக்கும் அழைப்பு போயிருந்தது. அவர் வரவில்லை.