விடுலே!

தென்காசியில் தளவாயைத் தாண்டிப் பந்து போனதே கிடையாது. எதிராளி ஹாக்கி மட்டையோடு பாய்ந்து வந்தால் மைதானமே "விடுலே!" என்று அலறும். தளவாய் ஓங்கி ஓர் அடி விடுவான். பந்து மறுகோடிக்குப் பறக்கும். தேசத்துக்கே ஆடப்போகிறான் என்று மார்தட்டித்தான் அவனை மதராஸ் தேர்வாட்டத்துக்கு அனுப்பினோம்.

அங்கே எதிராளி ஒருவன் கோலுக்கு முன்னால் போட்டிருக்கும் வட்டத்துக்கு வெளியிலிருந்து அடித்தான். அப்படி அடித்தது வலைக்குள்ளேயே போனாலும் கோல் ஆகாது. அதனால் மதராஸ்காரக் கோல்கீப்பர் "விடு! விடு!" என்று கத்தினான். தொடாமல் விடு என்றான் அவன். அடி விடு என்று கேட்டது நம் பயலுக்கு! மட்டையை வீசினான். பந்து அதன் நுனியில் பட்டு, வட்டத்துக்குள் நின்ற இன்னொருவன் முன்னால் போய் விழுந்தது. அவன் தட்டினான், கோல்! தளவாயைக் கழித்துவிட்டார்கள்.

அந்தக் குற்றாலச் சீசனில், சாரலில் நனைந்தபடி எங்களுக்கும் கடையத்துக்கும் ஆட்டம். கோல் காத்தவன் நான். கடையம்காரன் பந்தோடு வட்டத்துக்குள் புகுந்தான். கூட்டத்தோடு நானும் தொண்டை கிழியக் கத்தினேன்: "விடுலே!"

ஓங்கிய மட்டையோடு தளவாய் என் பக்கம் திரும்பினான்.

"அடிக்கவா, விடவா? தெளிவாச் சொல்லுங்க அண்ணாச்சி!"

நான் வாயைத் திறப்பதற்குள் பந்து என் கால்களுக்கு நடுவே போய்விட்டது.