சுவரில் தொங்கிய பிந்தூச்சோ

மூன்று குன்றுகளின் மேல் செங்கல்லால் எழுந்து நிற்கும் சியேனா நகரில், அன்னை மரியாளின் கோடைத் திருவிழாவுக்கு முந்தைய நாளின் இளங்கதிர், மணிக்கோபுரத்தின் வெண்முடியில் முதலில் தங்கி, கூரைகள்தோறும் இறங்கி, சிப்பியை விரித்தாற்போல் சரிந்து கிடக்கும் பெருமுற்றத்தை வந்து நிறைத்தது. பேட்டைதோறும் கொடிகள் அசைய, பேராலயத்துக்கு ஏந்திச்செல்லும் மெழுகுத்திரிகளை மகளிர் பூக்களால் அணிசெய்ய, ஊரெல்லாம் மகிழ்ந்திருந்த அவ்வேளையில், நகர மன்ற மாளிகையின் சுவரடியில் சுண்ணாம்புக் கலயத்தோடு நின்ற ஓவியன் வென்தூராவின் நெஞ்சு மட்டும் குறுகுறுத்தது.

அச்சுவரில் ஒற்றைக் காலில் கயிறு பூட்டப்பட்டுத் தலைகீழாய்த் தொங்கினான் பிந்தூச்சோ, உயிரோடன்று, வண்ணத்தில். எல்லைக் கோட்டையைப் பகைவராகிய பிளாரன்சு நகரத்தாருக்குத் திறந்துவிட்டான் என்று ஒரு கடிதத்தைக் காட்டி மன்றம் பழிசுமத்த, ஊரைவிட்டு ஓடிச் சதுப்பு நிலத்துக் காய்ச்சலில் மாண்ட கோட்டைக் காவலன் அவன். கைக்கு அகப்படாத இரண்டகனை ஊர் காறியுமிழச் சுவரில் தொங்கவிடுவது அந்நாட்டு வழக்கம். எவனோ ஒருவனைக் கிறுக்கிக் கீழே பெயரெழுதிவிட்டு நகர்வது ஓவியர் வழக்கம்.

வென்தூரா கிறுக்கவில்லை. தனக்கு முதன்முதலில் வேலை தந்து, தன் மேசையில் அவரைக்கூழும் அப்பமும் இட்டு உண்பித்தவனின் முகத்தை, வலப்புருவத்துத் தழும்பும் இடக்கன்னத்துக் குழியும் பிசகாமல், கைத்திறன் தந்த செருக்கில் மயங்கித் தீட்டிவைத்தான். எழுத்தறியாதவரும் இன்னானென்று கண்டுகொண்டனர். பெயரெழுதவே வேண்டியதில்லை என்று ஊர் மெச்சியது. அந்த மெச்சலில்தான் அவனுக்கு ஆலயங்களின் கதவு திறந்தது. ஏழாண்டு கழிந்து அக்கடிதம் பொய்யென்று வெளிப்பட, திருவிழாவுக்குள் பழியை அழிக்குமாறு, அதை வரைந்த கையையே மன்றம் ஏவியது.

அவன் தூரிகையைத் தோய்க்கும் நேரம் பார்த்துப் பிந்தூச்சோவின் மனைவி நேசா மகளோடு வந்தாள். தந்தை ஓடியபோது வயிற்றிலிருந்த அச்சிறுமி, சுவருக்கு முதுகு காட்டி நின்று, குனிந்து, தன் கால்களுக்கிடையே ஓவியத்தை நோக்கினாள். சந்தைக்கு வரும் நாளெல்லாம் அவள் தந்தையை நிமிர்த்திப் பார்க்கும் வழி அதுதானாம், கண்டவர் சிரிப்பார்களாம் என்று தாய் சொன்னாள். வென்தூரா தூரிகையைக் கலயத்திலேயே விட்டான்.

“அழிக்காதீங்க,” என்றாள் நேசா.

“பழியத்தானே அழிக்கிறேன், நேசாம்மா.”

“பழியோட அவர் முகமும்ல போகுது. எங்ககிட்ட வேற படம் ஏது?”

தான் மறுத்திருந்தால் வேறொருவன் வரைந்திருப்பான் என்று அவன் நிலத்தைப் பார்த்தபடி முணுமுணுத்தான்.

“வரைஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல,” என்றாள் அவள். “கொஞ்சம் மோசமா வரைஞ்சிருக்கலாமே நீங்க.”

ஏழாண்டாய்த் தன் மனமே தன்னிடம் கேட்கத் துணியாததை அவள் எளிதாகக் கேட்டுவிட்டாள். மாலைவரை தவணை கேட்டு மன்றத்தாரிடம் ஓடியவன், திரும்பிவந்து, சுவரின் நிழலில் அமர்ந்து, ஊணும் நீரும் மறந்து, ஒரு பலகையில் பிந்தூச்சோவை நிமிர்த்தி எழுதினான். மேசையின் எதிர்ப்புறம் அப்பம் பிட்டுத் தந்த நாளில் சிரித்த அதே சிரிப்பு. அதே தழும்பு, அதே குழி. செருக்கு ஒரு துளியும் இல்லாமல் அவன் தீட்டிய முதல் ஓவியம் அதுவே. பொழுது சாய்கையில் எழுந்து, கண்ணீரோடு சுவரைச் சுண்ணாம்பால் வெளுத்தான்.

நேசா பலகையை ஏந்தி விம்மினாள். சிறுமி நெடுநேரம் பார்த்தாள்.

“இது யாரும்மா?”

“உன் அப்பாதான்டி, கண்ணு.”

நம்பாத அவள், தாயின் கையிலிருந்த பலகையைப் பற்றித் தலைகீழாய்த் திருப்பிவிட்டு, சுவரடியில் செய்வதுபோலவே முதுகு காட்டிக் குனிந்து கால்களுக்கிடையே நோக்கினாள். முகம் மலர்ந்தது.

“ஆமா, அப்பாதான்.”

அதன்பின் வென்தூரா எத்தனையோ தூயவர்களைப் பொன்தளத்தில் நிமிர்த்தி நிறுத்தினான், ஊரும் புகழ்ந்தது. நேசாவின் இல்லத்திலோ, மகளின் பிடிவாதத்தால், பிந்தூச்சோ தலைகீழாகவே மாட்டப்பட்டிருந்தான். மன்றம் விலக்கிய தண்டனை அவ்வீட்டில் அன்பின் கையால் தொடர்ந்தது. அதை எழுதிய ஓவியன், தான் வாழ்ந்த நாள்வரை, அந்தத் தெருவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டே போனான்.