கும்பாச் சத்தம்

கருவாட்டுத் தலையைச் சிமிண்டுத் தரையில் வைத்துவிட்டு பவுனு ஒரு முழம் தள்ளிக் குத்தவைத்தாள். நாய்க்குட்டி அவள் முகத்தைப் பார்த்தது, கருவாட்டைப் பார்த்தது. வாலை ஆட்டிக்கொண்டு வாயைக் கொண்டுபோனதும் புளிய விளாறால் மூக்குமேல் ஒன்று வைத்தாள். வலிக்கிற அடிதான். வலிக்காமல் அடித்தால் விளையாட்டு என்று நினைத்துக்கொள்ளும். குட்டி வீல் என்று கத்திக்கொண்டு தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. அவள் கருவாட்டை எடுத்து அலுமினியக் கும்பாவில் கிடந்த சோற்றோடு பிசைந்தாள். கரண்டியால் கும்பா விளிம்பில் இரண்டு முறை தட்டினாள். டங், டங். குட்டி மெல்ல வெளியே வந்து, அவள் கையில் விளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் தின்றது.

வாசலை ஒட்டிப் போட்டிருந்த நார்க்கட்டிலில் இருந்து அவள் புருசன் மொக்கைச்சாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்க மட்டும்தான் அவனுக்கு இப்போது முடியும். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கைக்கு உயிர் இருந்தாலும் ஓயாத நடுக்கம். பேச்சு போய்விட்டது.

குட்டியைக் கொண்டுவந்தவன் ஜீப் ஓட்டுகிற ஜஸ்டின். கூடலூரிலிருந்து குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்குத் தினமும் பதினைந்து பொம்பளைகளை அடைத்துக்கொண்டு போகிறவன். ஒருநாள் சாயங்காலம் பவுனு இறங்கும்போது சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை எடுத்து நீட்டினான். “எஸ்டேட்டுல அஞ்சு குட்டி போட்டிருக்குக்கா. அண்ணே நாள் முழுக்க ஒத்தையில கெடக்காகல்ல, தொணையா இருக்கட்டும்” என்றான். அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் குட்டி சாக்குக்கு வெளியே தலையை நீட்டி அவள் கையை நக்கிவிட்டது. ஏலக்காய் வாசம் பிடித்ததோ என்னவோ.

வேண்டாம் என்று நினைத்ததற்குக் காரணம் இருந்தது. போன வருசம்வரை வீட்டில் செவலை என்று ஒரு நாய் இருந்தது. மொக்கைச்சாமி அப்போது மலையடிவாரத்து வாழைத்தோட்டத்தில் காவலுக்கு இருந்தான். அவர்களுடைய தொகுப்பு வீட்டு வரிசை முடிகிற இடத்தில்தான் அந்தத் தோட்டத்து வேலி. பன்றி இறங்கிக் கன்றுகளை உழுதுபோட்டதும் தோட்டக்காரர் அவனிடம் அவுட்டுக்காயைக் கொடுத்தார். பன்றி கடித்தால் வாய்க்குள்ளேயே வெடிக்கிற உருண்டை. மொக்கைச்சாமி தன் வீட்டுச் சட்டியில் இருந்த கருவாட்டையே எடுத்து அதன்மேல் சுற்றி, பன்றித் தடத்தில் கொண்டுபோய் வைத்தான். ஊரில் யார் கை நீட்டினாலும் செவலை முகர்ந்துகூடப் பார்க்காது. ஆனால் அந்தக் காயில் அதன் வீட்டு வாசம் இருந்தது. அதன் எசமான் கை வாசம் இருந்தது. விடிகாலையில் வெடிச்சத்தம் கேட்டபோது, பன்றி மாட்டிக்கிச்சு என்று சந்தோசமாகத்தான் ஓடினான்.

பத்தாம் நாள் வாதம் வந்து வாய்க்கால் கரையில் அவன் விழுந்து கிடந்தான். வாயில்லாச் சீவனின் பாவம் என்று ஊர் பேசியது. பவுனு பேசவில்லை. பேசவில்லை என்பதால் நினைக்கவில்லை என்று ஆகிவிடாது. அது அவனுக்கும் தெரியும்.

தோட்டத்துக்கு வேறு காவல்காரன் வந்துவிட்டான். அவுட்டுக்காய் வைப்பது மட்டும் நிற்கவில்லை. அதனால்தான் அவள் குட்டிக்கு ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டாள். காவல் காக்க வேண்டாம், கை கொடுக்க வேண்டாம். கும்பாவில் போட்டு இரண்டு தட்டுத் தட்டாமல் எதிலும் வாய் வைக்கக் கூடாது. காலையில் ஜீப்புக்குப் போகுமுன் அரை மணி, சாயங்காலம் வந்து குளிக்குமுன் அரை மணி. நாளெல்லாம் ஏலச்செடித் தூரில் குனிந்து காய் எடுத்த இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கும். அப்படியும் விளாறை எடுப்பாள். அடுத்த வீட்டு முத்துலட்சுமிக்கு இதைப் பார்க்கச் சிரிப்பு.

“என்னடி, பள்ளிக்கூடமா நடத்துற? நாய்னா நாலு வீட்டுல நக்கத்தான் செய்யும்.”

“நக்குன நாயத்தான் சாக்குல அள்ளிட்டு வந்தேன்” என்றாள் பவுனு.

ஆனால் பாடம் ஏறவில்லை. காலையில் படித்ததைக் குட்டி சாயங்காலத்துக்குள் மறந்திருந்தது. ஏன் என்று ஒருநாள் விளங்கியது. அதன் மீசையில் சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தது. கட்டிலுக்குக் கீழே சாம்பார்த் துளிகள். அவள் வைத்துவிட்டுப் போகிற மத்தியானச் சோற்றில் பாதியை மொக்கைச்சாமி நடுங்குகிற இடது கையால் அள்ளி அள்ளி அதற்கு ஊட்டியிருக்கிறான். அந்த ஒரு வருசத்தில் அவன் பக்கத்தில் தானாக வந்து உட்கார்ந்த சீவன் அது ஒன்றுதான். சொந்தக்காரர்கள் வந்தார்கள், வாசலில் நின்றே “எப்படி இருக்காக” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். குட்டி அவன் மடியில் ஏறிப் படுத்தது. அதெல்லாம் பவுனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அவள் அடுத்ததைச் செய்தாள்.

அன்றிலிருந்து அவனையே பாடத்துக்கு எடுத்துக்கொண்டாள். கருவாட்டுத் துண்டை அவன் இடது கையில் வைத்து, நீட்டச் சொன்னாள். குட்டி குதித்துக்கொண்டு வரும். விளாறு விழும். முதல் நாள் அவன் கையை இழுத்துக்கொண்டான். அவள் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி நீட்டவைத்தாள்.

“நீட்டுய்யா. உன் கையத்தான் மொதல்ல அது மறக்கணும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கையை மட்டும் நீட்டியபடி வைத்திருந்தான்.

பத்து நாள் ஆனது. பதினோராம் நாள் குட்டி அவன் கைக்கு அருகே வந்து, முகர்ந்து பார்த்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. “படிச்சிருச்சு, படிச்சிருச்சு” என்று பவுனு சின்னப்பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள். அடுப்பைப் பற்றவைத்து, டீ போட்டு எடுத்துக்கொண்டு வரும்போதும் மொக்கைச்சாமியின் கை நீட்டியபடியே இருந்தது. கருவாட்டின் மேல் எறும்பு ஏறியிருந்தது.

அதற்குப் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வைத்த சோறு வைத்தபடி கிடந்தது. அவள் அதட்டினாள், கெஞ்சினாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கிடையாது. காலை எட்டு மணிக்குக் குட்டிக்குச் சோறு பிசைந்து கும்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குட்டியைக் கட்டில்காலில் கட்டிப்போட்டிருந்த கயிறு மட்டும் கிடந்தது. குழாயடியில் நின்ற முத்துலட்சுமி, குட்டி வாழைத்தோட்டத்துப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொன்னாள். பவுனு கும்பாவோடு அப்படியே ஓடினாள். ஐம்பத்திரண்டு வயசில், செருப்பில்லாமல், முள்ளும் கல்லும் பார்க்காமல் ஓடினாள்.

வேலிக்கு உள்ளே, முதல் வரிசை வாழைக்கு அடியில் குட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் ஈரமண்ணில் எலுமிச்சம்பழம் பெரிதுக்கு ஓர் உருண்டை. மேலே மீன் தோல் சுற்றியிருந்தது. வாசம் இவள் நின்ற இடம்வரை வந்தது. குட்டியின் வாயிலிருந்து எச்சில் நூல் மாதிரி இறங்கி மண்ணைத் தொட்டது. உருண்டையைத் தொடவில்லை, அது தொடவில்லை.

அப்போது குட்டி திரும்பிப் பார்த்தது. அவளைப் பார்த்தது, அவள் கையிலிருந்த கும்பாவைப் பார்த்தது, வாலை ஆட்டியது. ஓர் எட்டு முன்னால் வைத்த அவள் கால் வரப்பில் இடறியது. கும்பாவுக்குள் கிடந்த கரண்டி ஒருமுறை விளிம்பில் பட்டது.

டங்.

குட்டியின் காது இரண்டும் நிமிர்ந்தன. பின்னங்கால் லேசாக எழும்பியது. முகம் உருண்டைப் பக்கம் திரும்பியது. இன்னொரு சத்தத்துக்காக அது காத்திருந்தது. அவள்தானே சொல்லிக்கொடுத்தாள்.

பவுனு கும்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கஞ்சித்தண்ணி ரவிக்கையில் வழிந்தது. முந்தானையால் கரண்டியைப் பொத்தி, ஒரு குழந்தையைக் கிடத்துகிற மாதிரி கும்பாவை மண்ணில் இறக்கினாள். மூச்சு விடுகிற சத்தமும் அவளுக்கே பயமாக இருந்தது. கூப்பிட்டால் அந்தச் சத்தத்துக்கே வாயை வைத்துவிடுமோ என்று கூப்பிடவில்லை. ஒவ்வோர் எட்டாக நடந்துபோய், பிடரியைப் பிடித்துத் தூக்கி மாரோடு சேர்த்துக்கொண்டாள். குட்டி அவள் தாடையை நக்கியது. கும்பாவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வேலி தாண்டிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து கயிற்றை எடுத்துப் பார்த்தாள். பல் பட்ட அடையாளம் இல்லை. முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. மொக்கைச்சாமியின் இடது கை நகங்களில் கயிற்று நார் சிக்கியிருந்தது. நடுங்குகிற கையால் அந்த முடிச்சை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். அவளை நோகடிக்கவா அவிழ்த்தான், குட்டியை அடியிலிருந்து தப்பவிடவா? கேட்டால் சொல்ல வாயில்லை.

“காய்க்கு முன்னால உக்காந்திருந்துச்சுய்யா” என்றாள். “தொடல.”

அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடது கையை நீட்டினான். கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கை. குட்டி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தின்னத்தான் கூடாது, தடவிக்கொடுக்க வருகிற கையிடம் போகலாம் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பவுனு மிச்சச் சோற்றைக் கும்பாவில் ஒதுக்கி, அவன் மடியில் வைத்தாள். கரண்டியை அவன் இடது கைக்குள் திணித்து விரல்களை மடக்கிவிட்டாள்.

“ரெண்டு தடவ. ரெண்டே தடவ தட்டு. வரும்.”

அவன் கரண்டியைக் கும்பா அருகே கொண்டுபோனான். கை நடுங்கியது. விளிம்பில் பட்ட கரண்டி நிற்கவில்லை. டங், டங், டங்டங், டங் என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. குட்டி எழுந்தது. உட்கார்ந்தது. மறுபடி எழுந்து பவுனுவைப் பார்த்தது. மொக்கைச்சாமியும் அவளைத்தான் பார்த்தான். அவன் மணிக்கட்டைப் பிடிக்கப் போன அவள் கை பாதியில் நின்றது. கும்பா சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. குட்டி ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது.