கூடுதல் நினைவகம்

“வாடகைதாரர் வீட்டைக் காலி செய்ய மறுக்கும் பட்சத்தில், உரிமையாளர்…” என்று அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது திரை உறைந்துபோனது. மவுஸை ஆட்டிப் பார்த்தாள். ஒன்றும் நகரவில்லை. பொத்தானை அழுத்தி அணைத்து மறுபடி போட்டபோது, நாற்பது நிமிடம் தொண்டை வறள வாசித்த அத்தியாயம் போன இடம் தெரியவில்லை.

பார்வையற்றோர் நூலகத்துக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து கொடுப்பது அவள் வேலை. வீட்டின் சாமான் அறைதான் ஒலிப்பதிவுக் கூடம். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க மூன்று சுவரிலும் கம்பளி தொங்கவிட்டிருந்தாள். கம்ப்யூட்டருக்கு ஒன்பது வயது. காலையில் அதைப் போட்டுவிட்டுக் குளித்து, துணி உலர்த்தி, காபி குடித்துவிட்டு வந்தாலும் அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டினாள். ஆனால் இந்தப் புத்தகத்துக்காகச் சட்டக் கல்லூரி மாணவி ஒருத்தி காத்திருந்தாள். பதினெட்டு நாளில் தேர்வு. ஐந்து அத்தியாயம் பாக்கி.

பெரிய கடை ஒன்றில் போய்க் கேட்டாள். டை கட்டிய விற்பனையாளர் கம்ப்யூட்டரின் வயதைக் கேட்டதுமே சிரித்துவிட்டார். “அத எடைக்குப் போட்டுடுங்க மேடம். புதுசு வாங்கிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.” அவர் காட்டியவற்றில் மலிவானதன் விலைக்குக்கூட அவள் கையிருப்பு கால்வாசி தேறவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தாள். யோசிக்க ஒன்றுமில்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற ஆள் ஒருவனை அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளுடைய கொழுந்தன். சரியாகச் சொன்னால், நான்கு வருடத்துக்கு முன்பு வரை கொழுந்தன். விவாகரத்தான பிறகு அந்தக் குடும்பத்தில் யாரையும் அவள் பார்த்ததில்லை. அவன் கடை இருக்கும் தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டு போவாள். மறுநாள் காலை சிபியுவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கைக்காரி, குழந்தைதானோ என்று துண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். ‘வணக்கம் சார், இது சரியாகுமா பாருங்க’ என்று வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய கடை. அவன் தலை நிமிர்ந்தான். ஒரு கணம்தான்.

“வாங்க அண்ணி” என்று எழுந்து, முக்காலி மேலிருந்த வயர்களை அள்ளித் தரையில் போட்டான்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றோடு போயிற்று. “இன்னும் அண்ணியா?” என்றாள்.

“அண்ணன் பண்ணது அண்ணனோட. நான் கூப்பிட ஆரம்பிச்சு பதினாலு வருஷமாச்சு. இப்பப் போய் வேற என்னன்னு கூப்பிடறது?”

பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். “அடேயப்பா! இந்தத் தூசில ஒரு கம்பளியே நெய்யலாம் போலிருக்கே” என்றபடி பிரஷ்ஷால் தட்டினான். பிறகு உள்ளே காதை வைத்துக் கேட்டான். டிக், டிக் என்று ஒரு சத்தம். சிரிப்பு நின்றது.

“போர்டு நல்லா இருக்கு. பிராசஸரும் இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். ஹார்ட் டிஸ்க்தான் கடைசி மூச்ச இழுத்துட்டிருக்கு. அதுக்குப் பதிலா ஒரு எஸ்எஸ்டி போட்டு, ரேம் மெமரியையும் கொஞ்சம் கூட்டிட்டா போதும், பறக்கும். யாரோ கழட்டிக் குடுத்த ரேம் ஒண்ணு நல்லதா வச்சிருக்கேன். ஆனா உள்ள இருக்கறது எல்லாம் வெளிய வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

“ஒரு வருஷ வாசிப்பு இருக்கு தம்பி. பார்த்து எடு.” ‘எடுங்க’ என்றுதான் சொல்ல நினைத்தாள். பழைய வழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. அவன் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பழைய டிஸ்க்கிலிருந்து பதிவுகளை வெளியே எடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. திரையில் பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது. இரண்டு முறை நின்றே போனது. அவன் சாப்பிடக்கூடப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கோடு மறுமுனையைத் தொட்டதும், தேறியதா என்று பார்க்க ஒரு பதிவை ஓடவிட்டான். கடை முழுக்க அவள் குரல் நிறைந்தது. ஒப்பந்தச் சட்டம், இரண்டாம் அத்தியாயம். அவன் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றது.

“அம்மாவுக்கு இப்ப எழுத்து தெரியறதில்ல அண்ணி” என்றான், திரையைப் பார்த்தபடியே. “ரெண்டு கண்ணும். ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனமில்ல.”

கல்யாணமான புதிதில், காய் நறுக்கிக்கொண்டே பத்திரிகையை அவள் பக்கம் தள்ளிவிடுவாள் மாமியார். ‘நீ படி. உன் வாயால கேட்டாத்தான் கதை கண்ணுல தெரியுது.’ நூலகத்தில் வாசிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது, தயங்கியவளை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து அனுப்பியதும் அதே மாமியார்தான். விவாகரத்து வழக்கு நடந்த நாட்களில் மாமியார் வாயே திறக்காததைத்தான் இத்தனை காலம் இவள் மனதில் வைத்திருந்தாள். இன்று தன் அடுப்பு எரிவது யார் முதலில் காதுகொடுத்துக் கேட்ட குரலால் என்பதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

“அத்தை என்னைப் பத்திக் கேட்டாங்களா?”

“கேக்க மாட்டாங்க. கேக்க நமக்கு என்ன உரிமை இருக்குன்னு நெனச்சுட்டு உக்காந்திருக்காங்க.”

சாமானுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டான். கூலியை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

ஐந்து அத்தியாயங்களும் பன்னிரண்டே நாளில் முடிந்தன. மாணவி போன் செய்தாள். “அக்கா, உங்க குரலுக்குப் பின்னாடி எப்பவும் ஃபேன் ஓடற மாதிரி ஒரு இரைச்சல் கேக்குமே, அது இல்லன்னதும் வேற யாரோன்னு நெனச்சுட்டேன். பரீட்சைக்கு முன்னாடி ரெண்டு தடவ கேட்டு முடிச்சுடுவேன்க்கா.”

போனை வைத்தபின் அலமாரியில் தேடி ஒரு நாவலை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போனாள். கம்பளிகளை இழுத்துவிட்டு, மைக்கை அருகே நகர்த்திப் பதிவைத் தொடங்கினாள்.

“அத்தை…”

அந்த ஒரு சொல்லுக்குத் திரையில் ஓடிய பச்சைக் கோட்டில் சிறிய மேடு ஒன்று எழுந்து அடங்கியது. அதன்பின் கோடு சமமாக ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பக்கத்தைப் புரட்டினாள். காகிதம் புரண்ட சத்தமும் பச்சை நிறத்தில் மெல்லியதாகப் பதிவாயிற்று.